காரணம் கூறும் கணித நூல்

நுழையும்முன்

மேல்நிலைக் கல்வியில் அறிவியல் பயிலும் மாணவர் மிகுதியாகத் திறக்கும் நூல் கணித நூல். படிக்க இயலாமல் மிகுதியாக மூடிவைப்பதும் அந்நூலையே. ஒரு கணித நூலின் எப்பண்பு கற்பவரை மேலே அழைத்துச் செல்கிறது, எப்பண்பு அவரைத் திகைத்து நிற்கச் செய்கிறது என்பதை அறிந்துகொண்டால், கையிலுள்ள நூலை நன்கு பயன்படுத்தும் வழியும் புலப்படும். புதுச்சேரியிலும் தமிழகத்திலும் வழங்கிய கணக்கு மரபுகளையும் இன்றைய பாடநூல்களையும் சான்றாகக் கொண்டு அதனை ஆராய்கிறது இக்கட்டுரை.

அறிவியலின் பொதுமொழி

மேலிருந்து விழும் கல்லின் வேகத்தை இயற்பியல் ஆராய்கிறது. ஒரு வினை எவ்வளவு விரைவாக நிகழ்கிறது என்பதை வேதியியல் ஆராய்கிறது. நுண்ணுயிர்கள் பெருகும் விரைவை உயிரியல் ஆராய்கிறது. இவை வெவ்வேறு பாடங்களில் வெவ்வேறு பெயர்களோடு வந்தாலும், ஓர் அளவு மாறும்போது அதனைச் சார்ந்த மற்றோர் அளவு எவ்வாறு மாறுகிறது என்னும் ஒரே வினாவையே எழுப்புகின்றன. அவ்வினாவுக்கு விடை கூறும் மொழி கணிதம். ஆகவே அறிவியல் மாணவருக்குக் கணிதம் நான்கு பாடங்களுள் ஒன்றாக மட்டும் அமைவதில்லை. பிற பாடங்களுக்குள் நுழையும் வாயிலாகவும் அமைகிறது.

அவ்வாயிலில் ஏற்படும் தடை சிறிதாயினும் அதன் விளைவு பெரிது. பத்தாம் வகுப்புவரை கணிதத்தில் நன்கு தேறிய மாணவர் சிலர், பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்திலேயே 'எனக்குக் கணிதம் வராது' என்னும் முடிவுக்கு வந்துவிடுகின்றனர். பொறியியல், வானியல், புள்ளியியல், கணினி அறிவியல் எனப் பல துறைகளின் கதவுகள் அந்த ஒரு முடிவால் மூடப்படுகின்றன. பாடம் புரியாமைக்குத் தம் அறிவுக்குறையே காரணம் என அவர்கள் எண்ணுகின்றனர். நூலில் விடுபட்டுப்போன ஒரு படியோ, கூறப்படாத ஒரு காரணமோ அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

சோழிகளால் கணித்த கிரகணம்

விதியை மட்டும் அறிவதற்கும் அவ்விதியின் காரணத்தை அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கப் புதுச்சேரியிலேயே ஒரு சான்று உண்டு. சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவரான ஜான் வாரன், தென்னிந்தியக் காலக்கணிப்பு முறைகளைத் திரட்டிக் 'காலசங்கலிதம்' என்னும் பெருநூலை 1825ஆம் ஆண்டில் வெளியிட்டார். புதுச்சேரியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டிய முறையை அதில் அவர் பதிவுசெய்துள்ளார்.

அக்கணிதரிடம் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, அவற்றைக் கூட்டியும் குறைத்தும் இடம் மாற்றியும் அவர் கணக்கிட்டார். கணக்குக்கு வேண்டிய அட்டவணைகள் யாவும் அவர் நினைவில் இருந்தன. எண்களை எழுத்துகளாக மாற்றிச் சொற்றொடர்களில் பொதிந்து மனப்பாடம் செய்வது நம் வாக்கியப் பஞ்சாங்க மரபு. அவ்வாறு பொதிந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்து, 1825 மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழவிருந்த கிரகணத்தை அவர் கணித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணிப்பு 4 நிமிடமே பிழைபட்டது. நடுப்பகுதியில் 23 நிமிடமும் முடியும் நேரத்தில் 52 நிமிடமும் பிழைபட்டன.

ஒரு தொலைநோக்கியும் இன்றி, நினைவாற்றலை மட்டும் துணைக்கொண்டு இந்த அளவு நெருங்கியது வியத்தற்குரியது. அதே வேளையில், வாரன் கூறும் மற்றொரு செய்தியையும் நாம் கருத வேண்டும். அம்முறைக்கு அடிப்படையான வானியல் கொள்கை அக்கணிதருக்குத் தெரியாது என்பதே அச்செய்தி. படிகளை அவர் பிறழாமல் செய்தார். அப்படிகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்பதை அறியார். அதனால் தொடக்கத்தில் 4 நிமிடமாக இருந்த பிழை முடிவில் 52 நிமிடமாக ஏன் வளர்ந்தது என்று ஆராய்ந்து, அட்டவணையைத் திருத்தும் வாய்ப்பு அவருக்கு இல்லை. விதி ஒருவரை விடைவரை கொண்டுசெல்லும். விடை பிழைபடும்போது அதனைத் திருத்தும் ஆற்றலைக் காரணமே தரும். அறிவியலுக்கு இவ்விரண்டாவது ஆற்றல் இன்றியமையாதது.

பலாச்சுளைக் கணக்கு

காரி நாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' தமிழர் கணித அறிவுக்குச் சான்றாக விளங்கும் நூல். நிலம், நெல், பொன், காலம் முதலியவற்றின் அளவுகளையும் கணக்குகளையும் அது செய்யுள் வடிவில் கூறுகிறது. பலாப்பழத்தை அறுக்காமலேயே அதனுள் இருக்கும் சுளைகளின் எண்ணிக்கையை அறிய அந்நூல் ஒரு விதி தருகிறது. காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, அத்தொகையை 6 ஆல் பெருக்கி 5 ஆல் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை கிடைக்கும் என்பது அவ்விதி. 100 முட்கள் இருந்தால் 120 சுளைகள் என்பது விடை.

இவ்விதியைப் பாடலாகக் கற்ற ஒருவர் அதனை வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார். ஓலைச்சுவடிகள் அரியனவாக இருந்த காலத்தில் நினைவே நூலகமாக இருந்தது. எனவே சுருக்கமும் ஓசையும் அன்றைய நூலுக்கு இன்றியமையாத பண்புகளாயின. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லிக் கற்றதும் இக்காரணத்தாலேயே. அன்றைய தேவைக்கு அந்நூல்கள் நன்கு பயன்பட்டன.

இன்றைய அறிவியல் மாணவர் இவ்விதியைப் படித்ததும் சில வினாக்கள் எழ வேண்டும். பெருக்கும் எண் 6 ஆகவும் வகுக்கும் எண் 5 ஆகவும் இருப்பதற்குக் காரணம் யாது? எல்லா வகைப் பலாவுக்கும் இவ்விதி பொருந்துமா? ஐம்பது பழங்களை அறுத்து எண்ணிப் பார்த்தால் எத்தனை பழங்களில் விடை நெருங்கி வரும்? விதியைக் கொடுத்து நின்றுவிடும் நூல் இவ்வினாக்களை எழுப்புவதில்லை. அவற்றை எழுப்பும் நூலில் கணக்கு ஆய்வாக வளர்கிறது. பழைய நூலின் சுருக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அச்சுருக்கத்துக்கு விரிவுரை கூறிய ஆசிரியரை விட்டுவிடும் இன்றைய வாய்பாட்டுத் தொகுப்புகளும் 'வழிகாட்டி' ஏடுகளும் மாணவரைப் பாதி வழியில் நிறுத்துவது இதனாலேயே.

ஒரு நூலும் ஒரு மேதையும்

'நிறுவல் இல்லாத ஒரு நூலைக் கொண்டுதானே இராமானுசன் உலகப் புகழ் பெற்றார்?' என்று சிலர் வினவக்கூடும். அது நேர்மையான வினா. விரிவான விடைக்கும் உரியது.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுசன் கும்பகோணத்தில் வளர்ந்தார். பள்ளிப் பருவத்திலேயே லோனி எழுதிய முக்கோணவியல் நூலைக் கற்றுத் தேர்ந்தார். 1903ஆம் ஆண்டளவில் கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் அவர் கைக்குக் கிடைத்தது. கார், இலண்டனில் மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தேர்வுக்கு ஆயத்தம் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர். இயற்கணிதம், முக்கோணவியல், நுண்கணிதம், பகுமுறை வடிவியல் ஆகியவற்றைச் சார்ந்த ஏறத்தாழ 5000 முடிவுகளை எண்ணிட்டு வரிசைப்படுத்தி அந்நூலில் அவர் தந்திருந்தார். பெரும்பாலான முடிவுகளுக்கு முழுமையான நிறுவல் இல்லை; ஆங்காங்கே சிறு குறிப்புகளே இருந்தன. முன்பே கற்றவர்கள் தேர்வுக்குமுன் நினைவூட்டிக்கொள்வதற்காக எழுதப்பட்ட நூல் அது.

அந்நூலின் வெற்றிடங்கள் இராமானுசனுக்கு அறைகூவல்களாயின. ஒவ்வொரு முடிவையும் தாமே நிறுவிப் பார்த்தார். நிறுவும் வழியில் புதிய முடிவுகளைக் கண்டார். முடிவுகள் எளியவற்றிலிருந்து அரியவற்றுக்குச் செல்லும் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருந்தமை அவருக்கு உதவியது. ஆனால் அந்நூல் அவரிடம் மற்றொரு பழக்கத்தையும் விட்டுச்சென்றது. தம் குறிப்பேடுகளில் அவரும் முடிவுகளை மட்டுமே எழுதினார். அவற்றை எட்டிய வழியைப் பெரும்பாலும் எழுதவில்லை. அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட், அக்குறிப்பேடுகளில் உள்ள முடிவுகளுக்கு நிறுவல் தந்து 5 தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் முதல் தொகுதி 1985இலும் ஐந்தாம் தொகுதி 1998இலும் வெளிவந்தன. ஒருவர் எழுதாமல் விட்ட வழியை மீண்டும் காண, பலருடைய பல்லாண்டு உழைப்பு தேவைப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? ஒரு நூலின் நன்மை, அதனைப் படிப்பவர் யார் என்பதையும் பொறுத்தது. காரின் நூல் இராமானுசனின் ஆற்றலைத் தூண்டியது உண்மை. அதே நூலை முதன்முறை நுண்கணிதம் கற்கும் நாற்பது மாணவரிடம் கொடுத்தால், அவர்களுள் பெரும்பாலோர் கணிதத்தை விட்டே விலகிவிடுவர். மேதை ஒருவருக்குப் பயன்பட்டது என்பதால் அவ்வகை நூலே வகுப்பறைக்கு ஏற்றது எனக் கொள்வது பொருந்தாது. வகுப்பறை நூல், இடைவெளிகளைத் தாமே நிரப்ப இன்னும் கற்றுக்கொள்ளாதவர்களுக்காக எழுதப்படுவது.

தெரிந்து தெளிவோம்

இரண்டாம் பாஸ்கரர் 1150ஆம் ஆண்டில் இயற்றிய 'லீலாவதி' என்னும் கணித நூல், பல கணக்குகளை ஒரு பெண்ணை முன்னிலைப்படுத்திக் கேட்கும் வினாக்களாக அமைத்துள்ளது. வண்டுக் கூட்டமும் அன்னப் பறவைகளும் அக்கணக்குகளில் இடம்பெறுகின்றன. படிப்பவரோடு உரையாடும் போக்கு கணித நூலுக்குப் புதியதன்று.

நிலத்திலிருந்து தொடங்கிய வடிவியல்

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பாரிசு நகரில் அலெக்சி கிளேரோ என்னும் கணித அறிஞர் கணித நூல் எழுதும் முறை பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். ஹாலி வால்மீன் மீண்டும் தோன்றும் காலத்தைப் பின்னாளில் கணித்துக் கூறிய அறிஞர் அவர். அக்கால வடிவியல் நூல்கள் வரையறைகள், அடிப்படை உண்மைகள், தேற்றங்கள் என்ற வரிசையில் தொடங்கின. எதற்காக அவற்றைக் கற்கிறோம் என்பது விளங்குவதற்கு முன்பே தொடக்கநிலை மாணவர் சோர்ந்துவிடுவதைக் கிளேரோ கண்டார்.

1741இல் அவர் வெளியிட்ட வடிவியல் நூல் வேறொரு வழியில் சென்றது. நிலத்தை அளக்க வேண்டிய தேவையிலிருந்து வடிவியல் பிறந்தது. ஆதலால் கற்பித்தலையும் அங்கிருந்தே தொடங்கலாம் என்பது அவர் கருத்து. ஒரு தொலைவை அளக்க நேர்க்கோடு தேவைப்படுகிறது. நிலத்தின் பரப்பை அறியச் செங்கோணமும் செவ்வகமும் தேவைப்படுகின்றன. செவ்வகமாக அமையாத நிலத்தை அளக்க முற்படும்போது முக்கோணம் தேவைப்படுகிறது. இவ்வாறு ஒவ்வொரு கருத்தும் அதற்கான தேவை தோன்றிய பின்னரே நூலுள் நுழைகிறது.

எல்லாக் கணிதத்தையும் இவ்வாறு தொடங்க இயலாது. நிறுவலின் கட்டுக்கோப்பைக் கற்பதும் கணிதக் கல்வியின் பகுதியே. ஆயினும், தேவையை முன்வைத்துக் கருத்தைப் பின்வைக்கும் இம்முறை, செய்முறையில் நாட்டமுடைய அறிவியல் மாணவருக்கு மிகவும் பொருந்தும்.

இரு நூல்கள் சந்திக்கும் இடம்

தமிழ்நாட்டில் 2018-19ஆம் கல்வியாண்டில் அறிமுகமான பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்களை அருகருகே வைத்து நோக்கினால், அறிவியல் மாணவரின் இடர்ப்பாடு ஒன்று தெளிவாகும். இயற்பியல் நூலின் இரண்டாம் அலகான இயக்கவியலிலேயே வெக்டரும் வகைக்கெழுவும் தேவைப்படுகின்றன. கணித நூலிலோ வெக்டர் இயற்கணிதம் எட்டாம் அத்தியாயத்திலும் வகை நுண்கணிதம் ஒன்பதாம், பத்தாம் அத்தியாயங்களிலும் வருகின்றன. அவை இரண்டாம் தொகுதியைச் சேர்ந்தவை. கணிதத்துக்கு உரிய வரிசையில் இது முறையானதே. சார்பும் எல்லையும் அறியாமல் வகைக்கெழுவை நிறுவ இயலாது. இயற்பியலுக்கு உரிய வரிசையும் முறையானதே. இயக்கத்தை விளக்காமல் விசையை விளக்க இயலாது. முறையான இரு வரிசைகளுக்கு நடுவே மாணவர் நிற்கிறார். இதனை உணர்ந்தே இயற்பியல் நூல் தனக்கு வேண்டிய கணிதத்தைச் சுருக்கமாகத் தானே அறிமுகப்படுத்துகிறது.

அச்சுருக்கத்தை விரித்துக்கொள்ள எளிய எண்கள் போதும். மேலிருந்து விடப்பட்ட ஒரு கல், காற்றின் தடையைக் கருதாவிடில், ஏறத்தாழ 1 வினாடியில் 5 மீட்டரும் 2 வினாடியில் 20 மீட்டரும் 3 வினாடியில் 45 மீட்டரும் விழும். வினாடிகளின் வர்க்கத்தை 5 ஆல் பெருக்கினால் தொலைவு கிடைக்கிறது. இரண்டாவது வினாடி முடியும் அந்தக் கணத்தில் கல்லின் வேகம் யாது? 2 முதல் 3 வினாடிவரை சராசரி வேகம் வினாடிக்கு 25 மீட்டர். 2 முதல் 2.1 வினாடிவரை 20.5 மீட்டர். 2 முதல் 2.01 வினாடிவரை 20.05 மீட்டர். இடைவெளி குறையக் குறைய அவ்வெண் 20ஐ நெருங்குகிறது. எல்லை என்பதும் வகைக்கெழு என்பதும் இந்த நெருங்குதலே. இவ்வெண்களைக் கண்ட பின்னர் வரையறையைப் படிப்பவருக்கு அதன் ஒவ்வொரு குறியீடும் பொருளுடையதாகத் தோன்றும்.

மற்றோர் இடர்ப்பாடு கோண அளவில் நேர்கிறது. பாகை என்னும் பழகிய அளவு இருக்கும்போது ரேடியன் எதற்கு என்ற ஐயம் பலருக்கும் எழும். 180 பாகை எத்தனை ரேடியன் என்னும் மாற்று விதியை மட்டும் கூறினால் அவ்வையம் தீராது. வட்ட வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுக்கக் கிடைக்கும் எண்ணே ரேடியன். சிறிய கோணத்தில் வில்லும் அதற்கு எதிரான செங்குத்து உயரமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். ஆகையால் கோணத்தின் சைன் மதிப்பும் ரேடியனில் அமைந்த கோண அளவும் நெருங்கியிருக்கும். 10 பாகை என்பது 0.1745 ரேடியன், அதன் சைன் மதிப்பு 0.1736. வேறுபாடு மிகச் சிறிது. 60 பாகை என்பது 1.0472 ரேடியன், அதன் சைன் மதிப்பு 0.8660. இங்கு வேறுபாடு பெரிது.

இயற்பியல் ஆய்வகத்தில் தனி ஊசலைச் சிறிய கோணத்திலேயே அலைவுறச் செய்ய வேண்டும் என்று கூறப்படுவதன் காரணம் இதுவே. அலைவு நேரத்துக்கான வாய்பாடு, சைன் மதிப்புக்குப் பதிலாகக் கோணத்தையே வைத்துப் பெறப்பட்டது. ஊசலை 60 பாகைவரை இழுத்துவிட்டால் அலைவு நேரம் வாய்பாடு கூறுவதைவிட 7 விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிடும். கணித நூலில் ஒரு வரியும் இயற்பியல் நூலில் ஒரு வரியும் இவ்வாறு கைகோக்கின்றன. அந்த இணைப்பைக் காட்டும் நூல் மாணவருக்கு இரு பாடங்களையும் ஒருசேரக் கற்பிக்கிறது. காட்டாத நூல் ஒரே கருத்தை இருமுறை மனப்பாடம் செய்யுமாறு அவரைப் பணிக்கிறது.

குறியீடுகளும் எண்களும் இவ்வாறே தடையாவதுண்டு. கணித நூலில் ஓர் எழுத்தால் குறிக்கப்பட்ட மாறி, இயற்பியலில் இடப்பெயர்ச்சியாகவும் வேதியியலில் செறிவாகவும் வேறெழுத்தில் வரும்போது, நன்கு பழகிய சார்பும் அயலாகத் தோன்றுகிறது. கணித நூலின் விடைகள் பெரும்பாலும் முழு எண்களாகவோ எளிய பின்னங்களாகவோ அமைகின்றன. ஆய்வகத்தில் கிடைக்கும் அளவீடுகளோ தசமங்களோடும் அலகுகளோடும் வருகின்றன. அவற்றுள் எத்தனை இலக்கங்கள் நம்பத்தக்கவை என்பதையும் சிந்திக்க வேண்டியுள்ளது. ஒழுங்கான எண்களிலேயே பழகியவர், ஒழுங்கற்ற விடை வந்தவுடன் தம் வழி தவறென்று அஞ்சுகிறார். பயிற்சியின் இறுதியில் அளவீடுகளோடு கூடிய சில கணக்குகளேனும் இருப்பது நூலுக்கு அழகு.

'எளிதில் காணலாம்'

கணித நூல்களில் 'எளிதில் காணலாம்', 'இது தெளிவு' போன்ற தொடர்கள் மிகுதி. அத்தொடர்களைக் கண்டு தயங்காத மாணவர் இலர். இத்தயக்கம் மாணவருக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் எழுதிய விண்ணியக்கவியல் நூலை, அமெரிக்கரான நத்தானியேல் பவுடிச் ஆங்கிலத்தில் பெயர்த்தார். கடற்பயணக் கணிதத்தில் புகழ்பெற்ற அவர், பெரும்பாலும் தாமாகவே கற்றுத் தேர்ந்தவர். மூலநூலில் 'இது தெளிவாகும்' என்னும் தொடர் வரும் இடங்களில் எல்லாம், விடுபட்ட படிகளை நிரப்பத் தமக்குப் பல மணி நேரம் தேவைப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதனாலேயே தம் மொழிபெயர்ப்பில் விடுபட்ட படிகளை விரிவான குறிப்புகளாகச் சேர்த்தார்.

ஆசிரியருக்கு எளிதாகத் தோன்றுவது, அவர் அதனைப் பலமுறை கடந்துவந்தவர் என்பதால். முதன்முறை நடப்பவருக்கு அதே வழி கரடுமுரடானது. படிகளைச் சுருக்குவதில் தவறில்லை. எந்தப் படியைச் சுருக்குகிறோம் என்பதை நூல் அறிந்திருத்தல் வேண்டும். முன்பே பழகிய கூட்டல், பெருக்கல் படிகளைச் சுருக்கலாம். புதிய கருத்து முதன்முறை செயல்படும் படியைச் சுருக்குதல் கூடாது.

பயிற்சிகளுக்கும் இது பொருந்தும். எடுத்துக்காட்டில் உள்ள எண்ணை மட்டும் மாற்றி ஐம்பது கணக்குகள் தரும் நூல் கையைப் பழக்குகிறது, சிந்தனையைப் பழக்குவதில்லை. எடுத்துக்காட்டுக்கும் பயிற்சிக்கும் தொடர்பே இல்லாத நூல் மாணவரைக் கைவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே, முதற்சில கணக்குகளில் கைப்பிடித்து நடத்தி, பின்னர்ச் சிறிது சிறிதாகக் கையை விடுவிக்கும் வரிசையே சிறந்தது. நூலின் இறுதியில் தரப்படும் விடை, 'சரி', 'தவறு' என்று மட்டும் கூறும். கடினமான சில கணக்குகளுக்கேனும் குறிப்பு தரப்பட்டால், தவறிய இடத்தை மாணவர் தாமே கண்டறிவர். இன்றைய பாடநூல்களில் இடம்பெறும் இணையச் செயல்பாடுகளும் இதற்குத் துணைபுரிகின்றன. ஜியோஜீப்ரா போன்ற மென்பொருளில் ஒரு கெழுவை மாற்றியவுடன் வளைவரை மாறுவதைக் காணும் கண், வாய்பாட்டின் பொருளை எளிதில் பற்றிக்கொள்கிறது.

எழுதுகோலோடு படித்தல்

எத்துணைச் சிறந்த நூலும் எல்லா மாணவருக்கும் எல்லாப் படிகளையும் கூறிவிட இயலாது. நூல் நிறுத்திய இடத்திலிருந்து மாணவர் தொடர வேண்டும். கதையைப் படிப்பதுபோலக் கணித நூலைப் படித்தல் பயன்தராது. எழுதுகோலும் தாளும் அருகில் இருத்தல் வேண்டும். ஒரு வரியிலிருந்து அடுத்த வரி எவ்வாறு வந்தது என்பதை எழுதிப் பார்த்தே மேற்செல்லுதல் வேண்டும். விளங்காத இடத்தில் ஒரு குறியிட்டு, 'இது ஏன்?' என்று ஓரத்தில் எழுதிவைத்தால், ஆசிரியரிடம் கேட்கும் வினாவும் தெளிவாக அமையும். 'எனக்கு எதுவும் புரியவில்லை' என்பதற்கு ஆசிரியர் விடை கூறுவது அரிது. 'மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரி எவ்வாறு வந்தது?' என்பதற்கு உடனே விடை கூறலாம்.

நூலில் இல்லாத எடுத்துக்காட்டைத் தம் ஊரிலிருந்தே தேடிக்கொள்வதும் நல்ல வழி. தவளக்குப்பம், புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அமைந்த ஊர். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்பது இயற்பியல் கூறும் விதி. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று 140 கிலோமீட்டர் வேகத்தை அடைந்தால், கூரையின்மேல் அதன் தாக்கம் இரு மடங்கன்று, நான்கு மடங்கு. இங்கு வர்க்கம் ஏன் வருகிறது? வேகம் இரட்டித்தால், ஒரு வினாடியில் சுவரை வந்து மோதும் காற்றின் நிறை இரட்டிக்கிறது. மோதும் காற்றின் ஒவ்வொரு பகுதியும் இரு மடங்கு வேகத்தோடு வருகிறது. இரண்டும் இரண்டும் பெருகி நான்காகின்றன. புயலைக் கண்ட ஊரின் மாணவர், இருபடிச் சார்பின் வளைவரை ஏன் அவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதை இனி மறக்கமாட்டார்.

ஒரே பொருள்பற்றி இரு நூல்களைப் படிப்பதும் பயன்தரும். ஒரு நூல் விடுத்ததை மற்றொரு நூல் கூறியிருக்கும். பள்ளி நூலகத்தில் உள்ள பழைய பாடநூல்களும் இதற்கு உதவும். ஒரு நூலில் புரியாதது மற்றொரு நூலில் புரியும்போது, தடையாக இருந்தது தம் அறிவன்று, விளக்கிய முறையே என்பதை மாணவர் உணர்வர். அவ்வுணர்வு தரும் துணிவு பெரிது.

புதுச்சேரிக் கணிதரின் நினைவாற்றலைப் போற்றுவோம். அவர் கையில் இல்லாதிருந்த காரணம் என்னும் கருவி இன்று பாடநூலின் வழியாக நம் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளது. நூல் அதனைக் கூறியிருந்தால் கற்றுக்கொள்ள வேண்டும். கூறவில்லை எனில் கேட்டுப் பெற வேண்டும். 'ஏன்?' என்னும் வினாவோடு கணித நூலைத் திறக்கும் மாணவருக்கு அறிவியலின் பிற நூல்களும் திறந்துகொள்ளும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் இயற்பியல், வேதியியல் பாடநூல்களில் மடக்கை, வெக்டர், வகைக்கெழு ஆகியவை பயன்படும் இடங்களைக் கண்டறிக. அவை கணித நூலில் எந்த அத்தியாயத்தில் விளக்கப்படுகின்றன என அட்டவணைப்படுத்துக.

2. கணித நூலில் 'எளிதில் காணலாம்' என்பது போன்ற தொடர் வரும் ஓரிடத்தைத் தேர்ந்து, விடுபட்ட படிகளை எழுதி வகுப்பில் விளக்குக.

3. ஒரு நாளில் 40 சென்டிமீட்டர் மழை பெய்தால், 1 ஹெக்டேர் நிலத்தில் விழும் நீர் எத்தனை லிட்டர் எனக் கணக்கிடுக. கணக்கிட்ட முறையை, ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குப் புரியுமாறு ஒரு பத்தியில் எழுதுக.

4. 'விதியை அறிதலும் காரணத்தை அறிதலும்' என்னும் பொருளில், உங்கள் ஊரில் வழங்கும் மரபுக் கணக்கு ஒன்றைச் சான்றாகக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.